ஒன்பதரை மணிச் சிரிப்பு: எல்லையோர ஊர் ஒன்றின் நகைச்சுவை

நகைச்சுவை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எழுதியவரிடமிருந்தோ நடித்தவரிடமிருந்தோ தொடங்குகின்றன. சிரித்தவரிடமிருந்து தொடங்குபவை மிகக் குறைவு. ஆனால் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வெற்றி பெறுவதும் வீழ்வதும் பார்ப்பவர் வீட்டில்தான். அவர் எந்த மொழியில் வளர்ந்தவர், யார் அருகில் அமர்ந்து பார்க்கிறார், அந்தத் துணுக்கில் கேலிக்குள்ளாகும் மனிதர் அவருக்கு எத்தனை தொலைவில் இருக்கிறார் என்பனவற்றைப் பொறுத்தே சிரிப்பு எழுகிறது. சில வேளை எழாமல் நின்றுவிடுகிறது. இதைக் கண்கூடாகப் பார்ப்பதற்குச் சத்தியவேட்டைப் போன்ற ஊர் வேறில்லை.

சென்னைக்கு வடமேற்கே, ஊத்துக்கோட்டையைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது சத்தியவேடு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்போது ஆந்திரப் பிரதேசத்துக்குச் சென்றது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்ததும் அதே நாளில்தான். திருத்தணி வந்ததைத் தமிழ்நாட்டு வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். சத்தியவேடு போனதைப் பேசுவோர் சிலரே. நீண்ட காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுள் சேர்க்கப்பட்டது. நிருவாக எல்லைகள் இவ்வாறு நகர்ந்துகொண்டிருக்க, வீடுகளுக்குள் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில் வெந்துகொண்டிருக்கின்றன.

அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்றில் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லை மாறியபோது அவருக்கு எட்டு வயது. முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நிறுத்தம்வரை தமிழில் பயணச்சீட்டுக் கேட்பார்கள், எந்த நிறுத்தத்திலிருந்து தெலுங்கில் கேட்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். இரு மொழிகளையும் எழுதப் படிக்க அறிந்தவர். மகனுக்கு ஸ்ரீசிட்டியின் தொழிற்சாலை ஒன்றில் முறைப்பணி. மருமகள் நாகலாபுரம் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். பேத்தி திருப்பதியிலும் பேரன் சென்னையிலும் படிக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் கற்றது தெலுங்கும் ஆங்கிலமும். தமிழ் அவர்களுக்குக் காதால் வந்த மொழி. பேசுவார்கள், சண்டையிடுவார்கள், பழமொழிகூடச் சொல்வார்கள், படிக்கத் தெரியாது. விடுமுறையில் இந்த ஐவரும் ஒன்றாக அமரும் நேரம் இரவு ஒன்பதரை மணி. அவர்களை ஒன்றாக அமர்த்துவது நகைச்சுவை.

பெரியவரின் சிரிப்பு வரலாறு சென்னைத் தொலைக்காட்சியை நோக்கித் திருப்பிவைக்கப்பட்ட ஆண்டெனாவிலிருந்து தொடங்குகிறது. சன் தொலைக்காட்சி 1993இலும் ஈடிவி 1995இலும் வந்தபின் வீட்டுக்குள் இரு மொழிச் சிரிப்பும் நுழைந்தது. 2000களின் நடுப்பகுதியில் விஜய் தொலைக்காட்சியில் வந்த ‘லொள்ளு சபா’தான் அவருடைய அளவுகோல். இராம்பாலா இயக்கத்தில் சந்தானம், ஜீவா, மனோகர், சாமிநாதன், சேஷு முதலியோர் நடித்த அந்நிகழ்ச்சி, பெயர்பெற்ற தமிழ்த் திரைப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பகடி செய்தது. அதன் இயங்குமுறை எளிது. மூலப்படத்தின் கதைப்போக்கையும் முக்கியக் காட்சிகளையும் அப்படியே வைத்துக்கொள்வார்கள். ஆனால் திரைப்படம் மறைக்க முயலும் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துப் போடுவார்கள். நாயகன் ஏன் ஒரே அடியில் பத்துப் பேரை வீழ்த்துகிறான் என்று அடி வாங்கியவனே கேட்பான். சாகக் கிடப்பவர் நீண்ட வசனம் பேசினால் அருகிலிருப்பவர் சலித்துக்கொள்வார். அரங்கப் பொருள்களின் மலிவும் நடிகரின் ஊதியமும்கூட நகைப்புக்கு உரியவையாகும். நடிகர் எந்த நொடியிலும் பாத்திரத்திலிருந்து வெளியே வந்து பேசலாம்.

மேலை அரங்கியல் படித்தவர்கள் இதற்குப் பிரெக்டின் பெயரைச் சொல்லக்கூடும். சத்தியவேட்டுப் பெரியவருக்கு அது தேவைப்படவில்லை. தொண்டை மண்டலத்தின் இப்பகுதி முழுவதும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் நிலம். கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடிக்கொண்டிருக்கும்போதே கட்டியக்காரன் முன்னால் நின்று, வருபவர் யார், ஏன் இவ்வளவு கத்துகிறார் என்று ஊர்ப்பேச்சில் விசாரிப்பான். அரசன் இதிகாசத்தில் நிற்பான். கட்டியக்காரன் அந்த ஊரில், அந்த ஆண்டில், அந்த மக்களுக்கிடையில் நிற்பான். ஊர்ப் பெரியதனக்காரரின் பெயர்கூட அவன் வாயில் வரும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நீளும் கூத்தில், நள்ளிரவுக்குப் பின் கண்ணயரும் கூட்டத்தை விழிக்கவைப்பதும் அவன் வேலைதான். தெலுங்குத் தோற்பாவைக் கூத்தில் ஜுட்டுப்போலிகாடும் பங்காரக்காவும் செய்வதும் இதுவே. பின்னிரவு நகைச்சுவை என்ற வடிவம் அமெரிக்கத் தொலைக்காட்சி கண்டுபிடித்தது என்று எண்ணுவோர், ‘சாட்டர்டே நைட் லைவ்’ 1975இல் இரவு பதினொன்றரை மணிக்குத் தொடங்கியதை நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கும் முந்திய நூற்றாண்டுகளில் இந்தக் கோயில் மைதானங்களில் அந்த நேரத்துக்கு வேட்டியை மடித்துக்கட்டிய ஒருவன் நின்றிருந்தான்.

இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்கப் பின்னிரவு என்பது குழந்தைகள் உறங்கிய பின்னான நேரம். இரவு பத்து மணிக்குமேல் ஒளிபரப்பு விதிகளும் அங்கு சற்றுத் தளரும். ஆகவே சொல்ல நினைத்ததை நேராகச் சொல்ல இடம் கிடைத்தது. நம் வீடுகளில் ஒன்பதரை மணிக்குத் தாத்தாவும் பேத்தியும் ஒரே பாயில் அமர்ந்திருப்பார்கள். கலந்த அவையில் நேர்ப்பேச்சு செல்லாது. எனவே நகைச்சுவை இரட்டைப் பொருளை நாடுகிறது: குழந்தைக்கு ஒரு பொருள், பெரியவருக்கு வேறொன்று. அதைப் புரிந்துகொண்டவர் புரியாதவர்போல் நடிக்க வேண்டும். இரட்டைப் பொருளைக் கண்டிக்கும் நம் விமர்சனங்கள் அதன் ஆபாசத்தைப் பார்க்கின்றன. அதைப் பிறப்பிக்கும் பாயைப் பார்ப்பதில்லை.

இந்த இரட்டைப் பொருளைத் தொழிலாகவே வளர்த்தது ஈடிவியின் ‘ஜபர்தஸ்த்’. 2013 பிப்ரவரியில் தொடங்கி வியாழக்கிழமை இரவுகளிலும், அடுத்த ஆண்டு முதல் ‘எக்ஸ்ட்ரா ஜபர்தஸ்த்’ என்ற பெயரில் வெள்ளிக்கிழமை இரவுகளிலும் வந்த நிகழ்ச்சி அது. குழுக்குழுவாகக் கலைஞர்கள் வந்து குறுநாடகம் நடிப்பார்கள். நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். நாகபாபுவும் ரோஜாவும் நெடுங்காலம் நடுவர்களாக இருந்தார்கள். சத்தியவேட்டு வீட்டில் ரோஜா தொலைவில் இருக்கும் நட்சத்திரமல்ல. 1992இல் ‘செம்பருத்தி’ வழியாகத் தமிழுக்கு வந்தவர், இயக்குநர் ஆர்.கே. செல்வமணியின் மனைவி, அண்டைத் தொகுதியான நகரியில் 2014இலும் 2019இலும் வென்ற சட்டமன்ற உறுப்பினர். பகலில் தொகுதிக்குள் வந்துபோகும் ஒருவர் இரவில் திரையில் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்க்கும் அனுபவம் எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்? 2022இல் அமைச்சரானபோது அவர் அந்த இருக்கையை விட்டு விலகினார். ‘அவுங்க சிரிச்சாத்தான் நமக்கும் சிரிப்பு வரும்’ என்று மருமகள் சில காலம் குறைபட்டுக்கொண்டார். நடுவரின் சிரிப்பு, சிரிக்கலாம் என்று வீட்டுக்கு வரும் அனுமதி என்பதை ஒரு பெண் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது குறிக்கத்தக்கது.

அதே மருமகள்தான் சில துணுக்குகளின்போது எழுந்து சமையலறைக்குப் போவார். மனைவியின் உருவத்தையோ நிறத்தையோ வைத்து அடுக்கடுக்காக வரும் பகடிகள் தொடங்கினால் அவருக்கு உடனே ஏதோ வேலை நினைவுக்கு வந்துவிடும். பெண்வேடமிட்ட ஆண் கலைஞரைக் குழுத்தலைவர் அடித்து வசைபாடும் காட்சிகளிலும் அப்படித்தான். அவர் எதிர்ப்புச் சொன்னதில்லை. பாத்திரம் துலக்கும் ஓசை மட்டும் கேட்கும். தமிழ் நிகழ்ச்சிகளும் இதில் தூய்மையானவை அல்ல. உடலைக் கேலி செய்யாத தமிழ் மேடை நகைச்சுவையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணுபவர்கள், எழுந்துபோனவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைக்கிறது. அது பிறக்கும் களங்கள் நான்கு என்றும் வகுக்கிறது. அவற்றுள் இளமை என்பது மழலையைக் கண்டு எழுவது. பேதைமையும் மடனும் அறியாமையோடும் எளிதில் நம்பிவிடும் இயல்போடும் தொடர்புடையவை. எல்லாவற்றுக்கும் முன் நிற்பது எள்ளல். இதற்கு உரை எழுதிய பேராசிரியர் ஒரு நுட்பம் செய்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது மட்டும் எள்ளல் நகையன்று. பிறரால் எள்ளப்படும்போது தானே சிரிப்பதும் அதுவே என்று இரண்டாகப் பகுக்கிறார். கேலிக்கு உள்ளானவரின் சிரிப்புக்கு இலக்கணத்தில் இடம் தந்த உரையாசிரியர் அவர். அந்த இரண்டாவது வகைச் சிரிப்பில்தான் சத்தியவேட்டின் பாடு அடங்கியிருக்கிறது.

ஏனெனில் இவ்வூரார் இரு பக்கத்தாருக்கும் கேலிப்பொருள். தமிழ் நகைச்சுவையில் தெலுங்கர் என்றால் ‘கொல்ட்டி’ என்ற சொல் வரும். உடைந்த தமிழ் வரும். தெலுங்கு நகைச்சுவையில் தமிழர் என்றால் ‘அரவம்’ என்ற சொல் வரும்; உடைந்த தெலுங்கு வரும். சித்தூர் வட்டாரத் தெலுங்கே தெலுங்குத் திரையில் நெடுங்காலம் பெரும்பாலும் பக்கத்துப் பாத்திரங்களின் சிரிப்புக்காகப் பயன்பட்டது. 2021இல் ‘புஷ்பா’ வந்தபோதுதான் ஒரு பெரிய நாயகன் அந்தப் பேச்சைத் தலைநிமிர்ந்து பேசினான். பேரன் சென்னை விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அறைத்தோழர்களுக்குக் ‘கொல்ட்டி’ ஆனான். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவன் அவன். பேத்தி திருப்பதியில் ‘அரவப் பிள்ளை’ ஆனாள். அவள் தாய் தெலுங்குக்காரர். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கும் இரு நகரங்கள் எதிரெதிர்ப் பெயர் சூட்டின.

பேரன் கண்ட வழி, பிறர் கேலி செய்யும் முன் தானே செய்துகொள்வது. விடுதியின் ஆண்டு விழாவில் தன்னையே பாத்திரமாக்கி ஒரு குறுநாடகம் போட்டான், அரங்கம் அதிர்ந்ததாம். அதன் காணொளியை வீட்டில் காட்டியபோது அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அதுக்கப்புறம் உன்னை அப்படிக் கூப்பிடறத நிறுத்தினாங்களா?” அவன் பதில் சொல்லவில்லை. பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகைச் சிரிப்பு சில வேளை விடுதலை. சில வேளை வாடகை. எது எப்போது எதுவாகும் என்பதைச் சிரிப்பின் ஒலியைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

பெரியவரின் அணுகுமுறை வேறு. ஒரு தெலுங்குக் குறுநாடகத்தில் தமிழர் ஒருவர் உடைந்த தெலுங்கு பேச, வீடே சிரித்துக்கொண்டிருந்த இரவில் அவர் மட்டும் சிரிக்காமல் இருந்தார். பேத்தி கேட்டாள்:

“இன்னா தாத்தா, கோவமா?”

“கோவம் இல்லம்மா. அந்தத் தம்பிக்குத் தப்பாப் பேசத் தெரியல.”

“தப்பாத்தானே பேசறாரு?”

“தமிழ்க்காரன் தெலுங்கு பேசினா அந்த எடத்துல தப்பு வராதும்மா. வேற எடத்துல வரும். முப்பது வருசம் பஸ்சுல கேட்டவன் சொல்றேன். இவரு எந்தத் தமிழ்க்காரனையும் கேட்டதே இல்ல.”

அவர் சொன்னதில் மொழியியல் இருக்கிறது. தெலுங்கு எழுத்துமுறை வல்லின ஒலிகளுக்கு நான்கு வகை காட்டுகிறது. தமிழ் நெடுங்கணக்கில் அவற்றுக்கு ஒரே எழுத்து. தமிழர் தெலுங்கு பேசுகையில் தடுமாறுவது அங்கே. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் வினைமுற்று ஒன்றே. ஆகவே தெலுங்கர் தமிழ் பேசுகையில் ‘அக்கா வந்தது’ என்று முடிப்பார்கள். பிழைகளுக்கும் இலக்கணம் உண்டு. ஒவ்வொரு பிழையின் உள்ளேயும் பேசுபவரின் தாய்மொழி அமர்ந்திருக்கிறது. குறுநாடகத்தில் வந்த தமிழரோ எல்லாச் சொற்களையும் ஒரே மாதிரி இழுத்தார். அப்படிப் பேசும் தமிழர் உலகத்தில் இல்லை. வீடு சிரித்தது இல்லாத ஒரு மனிதரைப் பார்த்து.

இங்கிருந்து ஒரு பொது முடிவை நோக்கிச் செல்லலாம். பகடிக்கு முதல் தேவை உற்றுக் கேட்டல். ‘லொள்ளு சபா’ எடுத்துக்கொண்ட படங்களை அதன் குழுவினர் இரசிகர்களைவிடக் கூர்ந்து பார்த்திருந்தார்கள். இல்லையேல் எந்த இடத்தில் கதை ஓட்டையாகிறது என்று தெரிந்திராது. விஜய் தொலைக்காட்சியில் 2005இல் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’ மேடையில் வடிவேல் பாலாஜி வடிவேலுவாக மாறியபோது மக்கள் சிரித்ததற்கும் காரணம் அதுவே: உடலசைவின் ஒவ்வொரு திருப்பத்தையும் அவர் படித்திருந்தார். எனவே கேலி செய்யலாமா கூடாதா என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், கேலி செய்பவர் கேலிக்குரியவரைக் கேட்டிருக்கிறாரா என்றும் வினவலாம். இந்த வினா எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நுட்பமாகக் கேட்டுச் செய்யப்படும் கேலியும் ஆழமாகக் குத்தும். ஆனால் கேளாமல் செய்யப்படும் கேலி, நகைச்சுவையாகவும் தோற்கிறது.

2016இல் ஜியோவின் வருகைக்குப் பின் இணையத் தரவு மலிந்ததும் ஒன்பதரை மணி என்ற வேளை மெல்லக் கரையத் தொடங்கியது. ஒரு மணி நேர நிகழ்ச்சி பத்து நிமிடக் குறுநாடகமாகவும், அது ஒரு நிமிடத் துணுக்காகவும், அது ஒற்றைப் படமும் இரு வரி எழுத்துமான மீமாகவும் சுருங்கியது. சுருக்கத்தால் ஒரு வேடிக்கை நிகழ்ந்திருக்கிறது. பேரன் ‘லொள்ளு சபா’ துணுக்குகளைப் பார்த்தே வளர்ந்தான். அவை பகடி செய்த படங்களைப் பின்னர்தான் பார்த்தான். பார்த்தபோது மூலப்படம் அவனுக்குப் போலியாகத் தெரிந்தது. உணர்ச்சி மிகுந்த காட்சியில் அவன் சிரிக்க, தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்குப் பகடி மூலத்தின் நிழல். மற்றவருக்கு மூலம் பகடியின் நிழல்.

காணொளித் துணுக்கு இவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கொடையும் தந்தது. பள்ளி தராத தமிழை அது காதுக்குத் தந்தது. சென்னைத் தமிழ், மதுரைத் தமிழ், கொங்குத் தமிழ் ஆகிய மூன்றையும் பேத்தி பிரித்தறிவாள். சிலேடை அவளுக்குத் தவறாது. ‘நைனா’ என்று சென்னையில் ஒருவர் விளித்தால் அச்சொல் தன் அம்மா வீட்டிலிருந்து போனது என்று சொல்லிச் சிரிப்பாள். ஆனால் மீம் வந்தபோது கதவு மூடியது. மீமில் எழுத்து இருக்கிறது. குடும்பக் குழுவில் பெரியப்பா வீட்டார் அனுப்பும் தமிழ் மீம்களைத் தாத்தா படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. படித்துச் சொல்லப்படும் நகைச்சுவையின் கதி அனைவரும் அறிந்ததே. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டி, முதல் வரியை இருமுறை சொல்லி, இரண்டாம் வரிக்கு வருமுன் தானே சிரித்துவிடுவார். எதற்குச் சிரித்தார் என்று அதன்பின் விளக்குவார். விளக்கம் முடியும்போது சிரிப்பு முடிந்திருக்கும்.

சென்ற கோடை விடுமுறையில் பேத்தி ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். எழுத்துச் சொல்லித் தரச் சொன்னாள். வேர்களைத் தேடும் ஆவல், மொழிப் பற்று என்றெல்லாம் அவள் பேசவில்லை. “நீ படிச்சுச் சொன்னா சிரிப்பே வரல தாத்தா” என்பதுதான் அவள் தந்த காரணம். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார், பிறகு சிரித்தார். தெலுங்கு எழுத்து அறிந்தவளுக்குத் தமிழின் எழுத்தொழுங்கு விரைவில் பிடிபட்டது. ஒரே ‘க’ எப்படிப் பல ஒலிகளுக்கு நிற்கிறது என்பதில் பலமுறை தடுக்கினாள். பேருந்தில் முப்பது ஆண்டுகளாக அவர் கேட்ட பிழை, அதே தாளில் மறுபக்கமாக வந்து நின்றது.

மொழிச் சிறுபான்மையினரின் மொழி எவ்வாறு நிலைக்கிறது என்று ஆராய்வோர் பள்ளிகளையும் அரசாணைகளையும் மக்கட்தொகைக் கணக்கையும் பார்க்கிறார்கள். அவை தேவையானவையே. எல்லையோர வட்டாரங்களில் தமிழ்வழி வகுப்புகளுக்கு ஆசிரியரும் பாடநூலும் வேண்டும் என்ற கோரிக்கையை எந்தத் துணுக்கும் ஈடு செய்யாது. ஆயினும் ஒரு மொழியில் சிரிக்கத் தெரிந்தவருக்கு அம்மொழியில் இன்னும் ஏதோ வேண்டியிருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளலாம். ஆகஸ்டு மாதம் பேத்தி குடும்பக் குழுவில் முதன்முறையாகத் தானே ஒரு தமிழ் மீம் எழுதி அனுப்பினாள். இரு சொற்களில் லகர ளகரம் மாறியிருந்தது. பெரியப்பா வீட்டார் அந்தப் பிழைக்குச் சிரித்தார்கள். தாத்தா பகடிக்குச் சிரித்தார். அவள் இரண்டையும் படித்தாள்.